தீவகத்தில் ஓய்வுக்காலம்: எந்தத் தீவு, டொக்டர் எவ்வளவு நேரத்தில்?

ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை கேட்டிருந்தார். அவருக்கு 68 வயது, இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் (இரத்தக் குழாயைத் திறந்துவைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருக்கிறது. மனைவி, அந்த அக்காவுக்கு 65, சலரோகம், இன்சுலின் போடுகிறார். பிள்ளைகள் கனடாவிலேயே நிற்கப்போகிறார்கள், இவர்கள் இருவரும் ஊருக்குத் திரும்பிவிட விரும்புகிறார்கள். அண்ணைக்கு நெடுந்தீவில் தகப்பன்வழிக் காணி, அக்காவுக்குப் புங்குடுதீவில் சீதன வீடு. எங்கே இருந்தால் வைத்தியத்துக்கு வசதி? வரும்போது என்ன ஆயத்தம் செய்யவேண்டும்? ஊர்ச் சங்கத்தில் சேர்ந்திருக்கும் காசில் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் இயந்திரம் வாங்கிக்கொடுக்கலாமா? இவைதான் அவருடைய கேள்விகள். தீவக ஆஸ்பத்திரிகளில் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணை, முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: புங்குடுதீவு. நெடுந்தீவுக் காணியை விற்கச் சொல்லவில்லை. போய்வாருங்கள், வேலியை அடையுங்கள், நல்ல கடலுள்ள காலத்தில் ஒரு கிழமை நின்று வாருங்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்த உடம்போடு வருடம் முழுக்கக் குடியிருக்க, இன்றைய நிலையில், அது உங்களுக்கு ஏற்ற இடமில்லை.

ஏழு தீவு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வைத்தியத்தைப் பொறுத்தவரை அவை இரண்டு சாதி. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதியால் (கடலுக்குக் குறுக்கே போட்ட தெருவால்) யாழ்ப்பாணத்தோடு சேர்ந்தவை. காரைநகருக்குப் பொன்னாலைப் பக்கத்தால் தெரு இருக்கிறது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு நான்கும் கடலுக்கு அந்தப் பக்கம். நயினாதீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். நீங்கள் குமுதினிப் படகில் போய்வந்த தலைமுறை. 2017இல் நெடுந்தாரகை என்ற பயணிகள் படகும் வந்தது. ஆனால் படகு நல்லதாக இருந்தாலும் சோளகக் காற்று எழும்பினால் கடல் கடல்தான். மார்கழி வாடைக்கும் புயல் எச்சரிக்கைக்கும் படகு ஓடாத நாட்கள் வரும். வீட்டிலிருந்து டொக்டரிடம் போய்ச் சேரும் நேரம்தான் தீவில் வைத்தியம். கட்டடம் எத்தனை மாடி என்பது அதற்குப் பிறகு வரும் கதை.

இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு நெஞ்சு நோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புங்குடுதீவில் என்றால் 1990 என்ற நம்பருக்கு அடிக்கவேண்டும். இந்திய உதவியோடு 2016இல் தெற்கில் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை அது. 2018 ஆடியில் வடக்குக்கும் வந்தது. வண்டியில் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருப்பார், ஒட்சிசன் இருக்கும், ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். இங்கேதான் சனம் ஒரு பிழை விடுகிறது: அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்று ஓட்டோவைப் பிடித்து நேரே யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். குறிகட்டுவான் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் 30 கிலோமீட்டருக்கு மேல். அந்த நீட்டுத் தாம்போதியில் ஓட்டோவுக்குள் இதயம் நின்றால் ஒருவராலும் ஒன்றும் செய்யமுடியாது. அம்புலன்ஸ்காரர் எங்கே கொண்டுபோகச் சொல்கிறார்களோ அங்கே போங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, அஸ்பிரின் கொடுத்து, தேவையென்றால் மேலே அனுப்புவார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி எவ்வளவு கெதியாகப் போடப்படுகிறதோ அவ்வளவுக்கு இதயத் தசை தப்பும். முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் பொன்னான நேரம். பாரிசவாதத்துக்கும் கட்டி கரைக்கும் ஊசி இருக்கிறது, ஆனால் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும்.

இதையே நெடுந்தீவில் நினைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆட்கள் தங்களால் முடிந்ததெல்லாம் செய்கிறார்கள். ஆனால் அதற்கு மேலே என்றால் படகு வேண்டும், படகோட்டி வேண்டும், கடல் இடம்கொடுக்க வேண்டும். கடற்படைப் படகிலும் விமானப்படை ஹெலிகொப்டரிலும் நெடுந்தீவு நோயாளரை ஏற்றிவந்த செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த உதவியால் உயிர் தப்பியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்கும் குறிகட்டுவானில் காத்துநிற்கும் வண்டிக்கும் இடையில் போகும் நேரத்தை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் டயலிசிஸ் செய்யும் நிலை என்றால் புங்குடுதீவும் வேண்டாம், யாழ்ப்பாண டவுனிலேயே வீடு எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வீட்டைப் பற்றிச் சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். புங்குடுதீவில் பன்னிரண்டு வட்டாரம். இரவில் அம்புலன்ஸ் வந்தால் வழி கேட்க ஆள் இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மீதி பற்றை. எந்த வட்டாரம், எந்தக் கோவிலால் திரும்பவேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்று மூன்றே வரியில் எழுதி, தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பதட்டத்தில் சொந்த வீட்டுக்கு வழி சொல்லத் தெரியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். படலையடியில் ஒரு லைட் போடுங்கள், மின்சாரம் நின்றாலும் எரியக்கூடிய சோலர் லைட்டாக. பக்கத்து வீட்டில் இளம் ஆள் ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்து, அவரோடு முதல் மாதமே நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் காசில் இப்போது கட்டுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு மாடி, கண்ணாடி மாதிரி வழுக்கும் டைல்ஸ், விறாந்தையில் மழைத் தூவானம். முதியவர் ஒருவர் அதில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்தால் அவர் பழையபடி எழும்பி நடப்பது நிச்சயமில்லை. படுக்கை அறை கீழேயே இருக்கட்டும். குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸ், பிடிக்க இரும்புக் கம்பி, குந்தாமல் இருக்கக்கூடிய கொமட். மேல்மாடிக்கு ஒதுக்கிய காசில் இவை எல்லாம் செய்து மிஞ்சும்.

இனி ஆயத்தம். கனடாவில் உங்கள் குடும்ப டொக்டரிடம் ஒரே ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். ஸ்டென்ட் எந்தத் திகதி, எந்தக் குழாயில், இப்போது பாவிக்கும் மருந்துகள், ஒத்துவராத மருந்துகள், கடைசியாகப் பார்த்த சிறுநீரக இரத்தப் பரிசோதனை அளவு. அதோடு உங்கள் சாதாரண நாளில் எடுத்த ஈசிஜி ஒன்றின் பிரதி. இந்தக் கடைசிச் சாமானை ஒருவரும் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே நோய்ப்பட்ட இதயத்தின் ஈசிஜி எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். இன்று தெரியும் கோணல் புதியதா பழையதா என்று இரவு டியூட்டி டொக்டருக்குத் தெரிய, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். லமினேட் செய்து ஒன்று வீட்டில், படம் எடுத்து ஒன்று போனில்.

மருந்தின் பெயரை கொம்பனிப் பெயரில் எழுதாதீர்கள். கொலஸ்ட்ரோல் மருந்தை 'லிபிற்றோர்' என்று கேட்டால் இல்லை என்று அனுப்பிவிடலாம். அற்றோர்வஸ்ரற்றின் என்று கேட்டால் கிளினிக்கிலேயே இருக்கும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று இங்கே இருந்த எல்லாருக்கும் ஞாபகம், ஆகவே இரண்டு மாத மருந்து எப்போதும் கையில் இருக்கட்டும். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை வைத்திருக்கிறீர்கள் என்றால், அது வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் கெட்டுப்போகும். கறுத்தக் கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கவேண்டும், திறந்து எட்டுக் கிழமையில் புதிது. சட்டைப் பையில் மாதக்கணக்கில் வைத்த குளிசை ஆபத்து நேரத்தில் கைவிடும். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் யாராவது உங்கள் சங்கத்தில் இருந்தால், தீவுக்கு வரமுதல் அதற்கு மாற்று உண்டா என்று இருதய டொக்டரோடு கதைக்கட்டும். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்கும் யாழ்ப்பாணம் ஓடுவது லேசில்லை.

அக்காவின் இன்சுலின் வேறு கதை. அங்கே அவர் பேனா மாதிரி இருப்பதில் புதுவகை இன்சுலின் போடுகிறாராக்கும். இங்கே அரசாங்கக் கிளினிக்கில் பெரும்பாலும் கிடைப்பது போத்தலில் வரும் பழையவகைக் கலவை இன்சுலின், சிரிஞ்சில் ஏற்றிப் போடவேண்டும். இரண்டுக்கும் அளவும் நேரமும் வேறு. போத்தல் இன்சுலின் போட்டால் சாப்பாட்டைப் பிந்தவிடக் கூடாது. புதுவகையை யாழ்ப்பாணத் தனியார் மருந்தகங்களில் காசுக்கு வாங்கலாம், ஆனால் எப்போதும் இருக்குமென்று நம்பியிருக்க முடியாது. ஆகவே கனடாவில் இருக்கும்போதே டொக்டரின் மேற்பார்வையில் போத்தல் இன்சுலினுக்கும் பழகிக்கொள்வது நல்லது. பாவனையில் இருக்கும் இன்சுலின் 30 பாகை வரைக்கும் ஏறத்தாழ நாலு கிழமை தாங்கும். எங்கள் சித்திரை வெயிலில் அறை வெப்பம் அதற்கு மேலே போகும். குளிர்சாதனப் பெட்டி இருந்தாலும் மின்சாரம் நின்ற நாளுக்காக ஒரு மண்பானை, அதற்குள் ஈர மணல், சுற்றி நனைத்த சாக்கு என்று வைத்திருங்கள். பழைய முறைதான், வேலை செய்யும். உறைய மட்டும் விடவேண்டாம், உறைந்த இன்சுலின் பழுது.

அவருடைய கால்களைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். நீண்டகாலச் சலரோகத்தில் பாதம் மரத்துப்போகும். அதோடு நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போய், உச்சி வெயிலில் வெறுங்காலோடு வீதி சுற்றினால் மணல் சுடுவதே தெரியாது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளம் தெரியும். கொப்புளம் உடைந்து, கிணற்றடிச் சேறு பட்டு, பத்தாம் நாள் விரல் கறுத்து வந்த அம்மாமாரை ஆஸ்பத்திரி வாட்டில் கண்டிருக்கிறேன். பக்தியில் குறை ஒன்றும் இல்லை, காலில்தான் உணர்ச்சி இல்லை. விடியற்காலைப் பூசைக்குப் போகட்டும், அல்லது மாலையில். கோவிலுக்குள் தடித்த பருத்திக் காலுறை போட்டு நடந்தால் அம்மன் கோபிக்கமாட்டா. தினமும் இரவு படுக்கமுதல் நீங்கள் லைட் பிடித்து அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள். வருடத்தில் ஒரு தரம் கண் பரிசோதனையையும் விடவேண்டாம்.

தண்ணீர்: தீவகத்தின் பல கிணறுகள் உவர். பிரஷர் உள்ளவர் அதைக் குடிக்கவோ சமையலுக்கு எடுக்கவோ வேண்டாம். மாரியில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பது நல்ல பழக்கம், மிச்சத்துக்குச் சுத்திகரித்த தண்ணீர் வாங்குங்கள். பற்றைக் காணியைத் துப்புரவாக்க முதல் இரவில் நடமாட வேண்டாம். கண்ணாடி விரியனும் சுருட்டையும் எங்கள் பக்கம் நிறைய. கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே, சுகமாக இருக்கும்போதே, கிளினிக்கில் பதிந்து கொப்பி எடுங்கள். "எனக்கு வருத்தமில்லை, ஏன் வரிசையில் நிற்கவேண்டும்" என்று சனம் நினைக்கும். ஆனால் உங்களை முன்பே தெரிந்த ஒரு தாதி, உங்கள் பெயருள்ள ஒரு கொப்பி, இவை இரவு இரண்டு மணிக்கு அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கும். விசேட வைத்தியரை யாழ்ப்பாணத்தில் சனல் பண்ணி (தனியாரில் காசு கட்டி நேரம் பதிந்து) பார்க்கலாம், நல்லதுதான், ஆனால் அவர் சொன்னதையும் அதே கொப்பியில் எழுதுவியுங்கள். இரண்டு இடத்தில் காட்டி, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கி மயங்கி விழுந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. குடியுரிமை விஷயத்தில், 55 வயதுக்கு மேற்பட்ட முன்னாள் இலங்கையர் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் நீங்களும் உள்ளூர் ஆள்தான்.

இனி சங்கக் காசு. ஸ்கேன் இயந்திரம் வேண்டாம் அண்ணை. மனம் நோகச் சொல்லவில்லை. இயந்திரத்துக்குக் குளிரூட்டிய அறை வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும், எடுத்த படத்தை வாசிக்க டொக்டர் வேண்டும், பழுதானால் திருத்தக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது துணி போர்த்திய சாமான். ரிப்பன் வெட்டிய படம் மட்டும் மிஞ்சும்.

தீவக ஆஸ்பத்திரிக்கு முதல் குறை ஆள். டொக்டரும் தாதியும் இடமாற்றத்தில் வருகிறார்கள், முடிந்த கெதியில் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விடுதியில் கூரை ஒழுகும், குளிக்க உவர்த் தண்ணீர், பிள்ளைகளைப் படிப்பிக்க இடமில்லை, இரவில் இன்டர்நெட் கூட ஒழுங்காக இல்லை. இளம் டொக்டர் மேற்படிப்புக்குப் படிக்கவேண்டிய வயதில் இருக்கிறார். அவருடைய விடுதிக்கு நல்ல தண்ணீர்த் தொட்டி, சோலர், ஒரு ஏசி அறை, நல்ல இணைப்பு செய்து கொடுங்கள். ஸ்கேன் இயந்திரத்தின் விலையில் சிறு பங்கு போதும். அவர் கிழமை நாட்களில் இரவு தங்கினால், அதுவே ஊருக்குக் கிடைக்கும் பெரிய கருவி.

அடுத்தது கடல். நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் செய்ய ஆசையென்றால் அங்கே உதவி தேவைப்படுவது இரவு நேரத்தில், இறங்குதுறையில். நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு படகில் இறக்குவதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் விளங்கும். நீர் வற்றிய நேரம் படகு கீழே நிற்கும், துறை மேலே நிற்கும். நாலு பேர் ஸ்ட்ரெச்சரைச் சரித்து, கயிற்றைப் பிடித்து, அலை ஏறும் கணத்துக்காகக் காத்துநிற்பார்கள். நோயாளியின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும், அதை ஒருவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பார். அங்கே வேண்டியது சரிவான மேடை, கூரையுள்ள இடம், நல்ல லைட், படகுக்குள் ஸ்ட்ரெச்சரைப் பூட்டும் கொழுக்கி, ஒரு ஒட்சிசன் சிலிண்டர். அதோடு இரவு ஓட்டத்துக்கு எரிபொருள் நிதி. டீசலுக்கு யார் காசு கொடுப்பது என்று நடுச்சாமத்தில் கதைக்கும் நிலை இருக்கக் கூடாது.

பிறகு, சனம் யாழ்ப்பாணம் போகவேண்டிய தேவையையே குறைக்கலாம். காலையில் தீவு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் முதல் படகில் அனுப்பி, முடிவைப் பின்னேரம் போனில் எடுத்தால் ஒரு கிழவி ஒரு முழுநாளும் பஸ்ஸிலும் படகிலும் அலையத் தேவையில்லை. இதற்கு வேண்டியது பெட்டியும் கொண்டுபோகும் ஒரு பெடியனின் சம்பளமும். 2020இல் கொரோனா ஊரடங்கு நேரம் கிளினிக் மருந்தைத் தபால்காரரே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். செய்யலாம் என்று அப்போது கண்டுவிட்டோம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கடல்கடந்த தீவுகளுக்காவது அந்த முறையைத் திரும்பக் கேளுங்கள்; சங்கங்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் காதில் விழும்.

வீட்டில் பார்க்க ஆள் இல்லாததுதான் வயதானவர்களை எல்லாவற்றையும் விட வாட்டுகிறது. இளசுகள் ஊரில் குறைவு. இருக்கும் பெண்கள் சிலருக்குப் பிரஷர் பார்க்க, சீனி பார்க்க, புண் கட்ட, படுக்கைநோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கப் பயிற்சி கொடுத்து மாதச் சம்பளத்துக்கு வையுங்கள். அவர்கள் கனடாவிலிருந்து வந்தவர் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்பதை முதல் நாளே சட்டமாக எழுதுங்கள். சண்டைக் காலத்திலும் ஊரை விடாமல், பிள்ளைகள் இல்லாமல், மண் வீட்டில் தனியே கிடக்கும் ஆச்சிக்கும் அதே கிழமை, அதே நேரம் அவர்கள் போகவேண்டும். காசுள்ளவர்களுக்கு ஒன்று, ஊரிலேயே இருந்தவர்களுக்கு ஒன்று என்று தீவில் இரண்டு வைத்தியம் உண்டானால் நான் அதை முன்னேற்றம் என்று சொல்லமாட்டேன்.

எதைச் செய்தாலும் தீவக ஆஸ்பத்திரிகள் மாகாணத்துக்குக் கீழே வருபவை. யாழ்ப்பாணத்தில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையோடு முதலில் கதைத்து, தொடர்ச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு காசை இறக்குங்கள்.

கடைசியாக, கனடா வீட்டை இப்போதே விற்கவேண்டாம். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி கையில் இருக்க, எந்த 12 மாதத்திலும் 153 நாளாவது அங்கே நிற்கவேண்டும். முதியோர் ஓய்வூதியம், 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் கனடாவில் இருந்தவருக்கு எங்கே இருந்தாலும் வரும். அதோடு சேர்த்துக் கொடுக்கும் குறைந்த வருமான உதவி ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். (லண்டனிலிருந்து வர நினைப்பவர்களுக்கு: பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் வருடாவருடம் கூடாது, வந்த அளவிலேயே நிற்கும்.) ஆகவே முதல் வருடம் ஐப்பசியில் வந்து பங்குனியில் திரும்புங்கள். எல்லாரும் ஆடி ஆவணியில், திருவிழாவும் சொந்தக்காரரும் நிறைந்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மழையும் வாடையும் இருக்கும் மாதங்களில், மின்சாரம் நின்று, தெரு வெறிச்சோடிக் கிடக்கும்போது புங்குடுதீவில் இருந்து பாருங்கள். கிளினிக்குக்குப் போங்கள், ஒரு தரம் பெரியாஸ்பத்திரி வரை பஸ்ஸில் போய் வாருங்கள், எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்து வையுங்கள். அக்காவையும் தனியாகக் கேளுங்கள், உங்களுக்கு முன்னால் அவர் வேறு பதில் சொல்லக்கூடும்.